விதை போட உகந்த வேளை எது: காலையா, மாலையா?

கேள்வி: மார்ச் 4, காலை 7.15
சிறிய தோட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். விதைகளைக் காலையில் போட வேண்டுமா, மாலையில் போட வேண்டுமா? ஒருவர் சூரியன் உதிக்கும் முன் என்கிறார். இன்னொருவர் வெயில் தாழ்ந்த பின் என்கிறார். காரணம் கேட்டால் இருவருமே சொல்வதில்லை. உண்மையில் வேறுபாடு ஏதேனும் உண்டா?

பதில்: மார்ச் 4, இரவு 8.10
மாலை. பதினோரு ஆண்டுகளாக வெயில் தாழ்ந்த பிறகுதான் விதைத்து வருகிறேன். அப்போது ஊற்றும் நீர் உடனே ஆவியாகிப் போவதில்லை. மண்ணின் சூடும் இறங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் வெயில் ஏறும்வரை பன்னிரண்டு மணி நேரமாவது விதை நிம்மதியாக நீர் குடிக்கலாம். காலையில் விதைத்து நீர் தெளித்தால் நண்பகலுக்குள் மேல்மண் காய்ந்து ஓடு போல இறுகிவிடும். கீரை விதை போன்ற பொடி விதைகள் அந்த ஓட்டை முட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே மடிந்துவிடும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 5, காலை 6.30
நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது உறுத்தியது. மாலையில் விதைக்கும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது நாற்று நடுவதிலிருந்து வந்தது. நாற்றை மாலையில் நட வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. பிடுங்கும்போது அதன் நுண்வேர்கள் அறுந்துபோகின்றன. இலைகளோ வெயில் பட்டால் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்து செலவு குறையாத அந்த ஓரிரு நாளைக் கடக்க இரவு உதவுகிறது. ஆனால் விதைக்கு இலையும் இல்லை, அறுந்த வேரும் இல்லை. உலர்ந்த விதையைப் பொறுத்தவரை வெளியேறுவதற்கு அதனிடம் நீரே கிடையாது. ஆகவே நாற்றுக்குச் சொன்ன காரணத்தை விதைக்கும் சேர்த்து இத்தனை ஆண்டுகளாக நான் ஒப்பித்து வந்திருக்கிறேன். மேல்மண் இறுகும் என்பது மட்டும் நிற்கும் காரணம். அதற்கும்கூட மெல்லிய மூடாக்குப் போட்டால் தீர்வு கிடைத்துவிடும்.

மாலை என்ற முடிவை இன்னும் மாற்றவில்லை. காரணம் போதவில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 5, இரவு 9.00
பேசுவதைவிட அளப்பது மேல் என்று இன்று மண் வெப்பமானியைக் கையில் எடுத்தேன். ஒரே பாத்தியில் 1 செ.மீ. ஆழத்திலும் 5 செ.மீ. ஆழத்திலும் அளந்தேன். சூரியன் உதிக்கும் முன் மேலே 21 டிகிரி, கீழே 23. பிற்பகல் 1.30 மணிக்கு மேலே 43, கீழே 31. மாலை 3.30 மணிக்கு மேலே 38 ஆக இறங்கியிருந்தது. கீழே 34 ஆக ஏறியிருந்தது. இரவு 7 மணிக்கு மேலே 27, கீழே 30.

கடைசி வரியை நான் எதிர்பார்க்கவில்லை. வெயிலின் சூடு மண்ணுக்குள் மெதுவாகத்தான் இறங்குகிறது. மேற்பரப்பு உச்சத்தைத் தொட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழிந்த பிறகே 5 செ.மீ. ஆழம் தன் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே மேலாகத் தூவிய கீரை விதைக்கும் ஆழமாக ஊன்றிய அவரை விதைக்கும் ஒரே வேளையில் ஒரே சூடு இருப்பதில்லை. கேள்வியில் "விதைகள்" என்று பொதுவாக இருந்ததை நானும் பொதுவாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

மார்ச் 12, மாலை 5.20
சூட்டுக்கு முரண்டு பிடிக்கும் விதையாகத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு சோதனை செய்தேன். லெட்டூஸ், பச்சையாகச் சாலட்டில் போடும் இலைக்கீரை. 40 விதைகள் வீதம் இரண்டு தட்டுகள். மண் கலவை ஒன்றே, நீரின் அளவும் ஒன்றே. ஒன்றைக் காலை 10 மணிக்கு விதைத்து நனைத்தேன். மற்றொன்றை மாலை 6 மணிக்கு. ஏழாம் நாள் எண்ணியபோது காலைத் தட்டில் 7 முளைகள், மாலைத் தட்டில் 29.

என் பதினோரு ஆண்டுப் பழக்கம் நியாயமானதே என்று பெருமையாக இருக்கிறது.

மார்ச் 13, காலை 7.00
பெருமை ஒரு இரவுகூடத் தாங்கவில்லை. தட்டுகளை எடுத்துக் கழுவ வைத்தபோதுதான் கவனித்தேன்: காலைத் தட்டு மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி இருந்திருக்கிறது. அந்தச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயில் வாங்கி, இருட்டிய பிறகும் கை வைக்க முடியாதபடி சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நான் ஒப்பிட்டது காலையையும் மாலையையுமா, சுவரோரத்தையும் திறந்த வெளியையுமா என்று இப்போது எவராலும் சொல்ல முடியாது. இரண்டு தட்டுகளையும் ஒரே பலகையில் வைத்து, நாள்தோறும் இடம் மாற்றிக்கொண்டு, மறுபடி தொடங்குகிறேன். நேற்றைய குறிப்பை அழிக்காமல் விடுகிறேன். அதைப் பார்த்து எவரும் முடிவு எடுக்க வேண்டாம்.

மார்ச் 21, இரவு 8.40
திருத்திய சோதனையின் கணக்கு: காலைத் தட்டில் 15, மாலைத் தட்டில் 27. இடைவெளி சுருங்கிவிட்டது, ஆனால் மறையவில்லை.

லெட்டூஸ் விதை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது நன்கு அறியப்பட்டதே. உலர்ந்திருக்கும்போது அதற்குச் சூடு ஒரு பொருட்டல்ல. நீர் குடித்த பிறகுதான் அது சூட்டை உணர்கிறது. நீர் குடித்த முதல் சில மணி நேரத்தில் மண் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான இரகங்கள் முளைப்பதை நிறுத்திக்கொள்ளும். சில இரகங்கள் 25, 26 டிகிரியிலேயே தயங்கும். அந்த நிலை நீடித்தால் விதை இரண்டாம் உறக்கத்துக்குப் போய்விடும். பிறகு மண் குளிர்ந்தாலும் எழாது. விதை செத்துவிட்டது என்று நாம் நினைப்போம். அது உயிரோடுதான் கிடக்கும். காலைத் தட்டில் முளைக்காத விதைகளைக் கிளறி எடுத்து விரல்களுக்கிடையே அழுத்திப் பார்த்தேன். கூழாகாமல், உள்ளே வெள்ளையாக, கெட்டியாகவே இருந்தன.

ஆக, நான் தட்டில் விதையைத் தூவிய நேரத்தால் எதுவும் நிகழவில்லை. பூவாளியைக் கையில் எடுத்த நேரத்தால்தான் நிகழ்ந்திருக்கிறது. "எப்போது விதைப்பது" என்ற கேள்வியை "எப்போது நனைப்பது" என்று மாற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மழையை எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் புழுதி விதைப்பை நினைத்துப் பாருங்கள். விதை மண்ணில் விழுந்தது என்றைக்கோ. அது வேலையைத் தொடங்குவது மழை பெய்த அன்றைக்குத்தான்.

மார்ச் 22, பிற்பகல் 2.30
மிதவெப்ப நாடுகளின் கோடையில் லெட்டூஸைப் பிற்பகல் 2 மணி முதல் 4 மணிக்குள் விதைக்கச் சொல்வார்கள், அது மண் மிகவும் சூடாக இருக்கும் நேரம் ஆயிற்றே, உங்கள் கணக்குப்படி அது தவறாகத்தானே இருக்க வேண்டும் என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல மடக்கு, அரை நாள் யோசிக்க வேண்டியதாயிற்று.

நீரை உறிஞ்சும் முதல் நேரம் வெறும் உறிஞ்சல்தான். உலர்ந்த மரத்துண்டும் அப்படித்தான் நீரை இழுக்கும். செத்த விதையும் இழுக்கும். சூடு விதையை முடக்கும் கட்டம் அதற்குச் சில மணி நேரம் கழித்து வருகிறது. பிற்பகலில் நனைத்தால் அந்தக் கட்டம் இரவில் விழும். மாலை 6 மணிக்கு நனைத்தாலும் இரவில்தான் விழும். ஆனால் முளைவேர் வெளியே வர ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும் விதைக்கு, மறுநாள் வெயில் ஏறும்முன் இரண்டு முதல் நான்கு மணி நேரம் குறைவாகக் கிடைக்கும். ஆகவே 2 முதல் 4 என்பதில் அறிவு இருக்கிறது, கோடையின் உச்சமே 25, 26 டிகிரியாக இருக்கும் ஊர்களுக்கு. 43 டிகிரி காட்டும் என் பாத்தியில் 2 மணிக்கு நனைப்பது விதையை வேகவைப்பதற்குச் சமம்.

இருந்தாலும் 4 மணிக்கு ஒரு தட்டும் 6 மணிக்கு ஒரு தட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

மார்ச் 22, இரவு 9.15
வளர்பிறை, தேய்பிறை பற்றிக் கேட்டவருக்கு: கேட்கப்பட்டது நாளின் எந்த வேளை என்பது, மாதத்தின் எந்த நாள் என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு நான் ஒரு சுவரைச் சரியாகக் கவனிக்காததற்கே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நிலவையும் கணக்கில் சேர்க்கத் தெம்பு இல்லை.

மார்ச் 26, காலை 8.00
காலைக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். விடிந்து ஓரிரு மணி நேரம் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். தரை சூடேறச் சூடேற மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்து பிற்பகலில் வேகம் கூடும். கேரட், முளைக்கீரை போன்ற விதைகளை நேற்று மாலை தூவியபோது பாதி பாத்தியிலும் பாதி நடைபாதையிலும் விழுந்தன. மணல் கலந்து தூவியும் மணல் மட்டும் கீழே விழுந்தது. விதை தன் வழியில் போயிற்று. ஆகவே புதிய திட்டம்: காலையில் காற்றில்லாத நேரத்தில் உலர்ந்தபடியே விதைத்து மெல்ல மண் தள்ளி மூடிவிடுவது, மாலையில் நீர் தெளிப்பது. விதைப்பு வேறு, நனைப்பு வேறு என்ற கொள்கைக்கும் இது பொருந்துகிறது.

மார்ச் 26, மாலை 6.10
திட்டத்தில் எறும்பைச் சேர்க்க மறந்துவிட்டேன். காலையில் லெட்டூஸ் தூவிய வரிசையில் மாலை பூவாளியோடு போய் நின்றால், பாத்தியின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு அசைந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வோர் எறும்பும் தன்னைவிட நீளமான ஒரு விதையைப் படகு தூக்குவதுபோல் நட்டக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு, ஒழுங்காக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் மண் தள்ளி மூடிய இடங்களைக்கூட அவை தோண்டியிருந்தன. ஈரமான மண் விதையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் இந்தத் திருட்டு ஓரளவு குறைகிறது. உலர்ந்த புழுதியில் எட்டு மணி நேரம் விதையைக் கிடத்துவது அவற்றுக்கு விருந்து வைப்பதுதான். சற்று ஆழமாக ஊன்றும் விதைகளுக்கு என் திட்டம் செல்லும். மேலாகத் தூவுகிறவற்றுக்கு அதைத் திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 30, இரவு 7.50
4 மணித் தட்டில் 30, 6 மணித் தட்டில் 26. நாற்பதில் நான்கு விதை வேறுபாடு எதையும் நிறுவாது. மறுபடி செய்தால் தலைகீழாகவும் வரலாம். 4 மணிக்கு முன் வேண்டாம், 6 மணிக்குப் பின் போனாலும் குடி முழுகாது என்ற அளவில் லெட்டூஸை விடுகிறேன்.

இன்னொரு பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 26ஆம் தேதி காலையில் "உலர்ந்தபடியே" விதைத்தேன் என்று எழுதியிருந்தேன். கேரட் பாத்திக்கு முந்தைய நாள் இரவு நீர் விட்டிருந்தேன். அடிமண்ணில் ஈரம் இருந்தது. அப்படியானால் விதை காலையிலேயே குடிக்கத் தொடங்கி, நண்பகலில் காய்ந்து, மாலையில் மறுபடி குடித்திருக்கும். கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்தேன், கெடவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழை முழுவதிலும் பயன்படக்கூடிய செய்தி இதுதான் என்று நினைக்கிறேன்.

விதை முளைப்பதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் வேகமாக நீரை உறிஞ்சி உப்பும். அடுத்து எடை ஏறாமல் நிற்கும். வெளியே ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும் அந்த நேரத்தில்தான் உள்ளே பழுதுகள் சரிசெய்யப்படுகின்றன, நொதிகள் விழித்துக்கொள்கின்றன. மூன்றாவதாக முளைவேர் தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும். நீர் உறிஞ்சல் மறுபடி ஏறும். முதல் இரண்டு கட்டங்களுக்குள் விதையைக் காயவிட்டால் பெரும்பாலான காய்கறி விதைகள் தாங்கிக்கொள்ளும். விதையை ஊறவைத்துக் காயவைத்து விற்கும் முன்னூட்டல் முறையே இந்தத் தாங்கும் திறனை நம்பித்தான் இருக்கிறது. முளைவேர் வெளிவந்த பிறகு காய்ந்தால் விதைக்கு மீட்சி இல்லை.

ஆகவே ஆபத்தான வேளை விதைத்த அன்றைய நண்பகல் என்று நாம் பயப்படுவதில் பாதி வீண் பயம். மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியாமல், கீழே வேர் நுனி எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும் நாளின் நண்பகல்தான் உண்மையில் கொல்கிறது. அந்த நாளில்தான் நாம் "இன்னும் முளைக்கவில்லையே" என்று சலித்து, பூவாளியை எடுக்காமல் விட்டுவிடுகிறோம். நான் பலமுறை விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, காலை 6.45
மேலே சொன்னதிலிருந்து இன்னொன்று தானாக வருகிறது. கலிபோர்னியாவில் பல ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டு இன்றுவரை தோட்டக்கலைக் கையேடுகளில் வரும் ஓர் அட்டவணை, மண்ணின் வெப்பநிலைக்கும் முளைக்கும் நாட்களுக்கும் உள்ள உறவைக் காட்டுகிறது. தக்காளி 10 டிகிரியில் 43 நாள் எடுக்கிறது; 15இல் 14 நாள், 20இல் 8 நாள், 25இலும் 30இலும் 6 நாள், 35இல் மறுபடி 9 நாள். லெட்டூஸ் 25 டிகிரியில் 2 நாள், 30இல் 3 நாள், 35இல் முளைப்பதே இல்லை. வெண்டை 20 டிகிரியில் 17 நாள் இழுத்தடித்து, 35இல் 6 நாளில் முளைக்கிறது.

தக்காளி விதை ஆறு பகலும் ஆறு இரவும் மண்ணுக்குள் கிடக்கப் போகிறது. முதல் நீர் காலையில் கிடைத்தாலும் மாலையில் கிடைத்தாலும் அந்த வேறுபாடு ஆறு நாட்களில் கரைந்துபோகும். வெண்டை சூட்டை விரும்புகிறது. அதற்கு எந்த வேளையும் நல்ல வேளை. ஓரிரு நாளில் முளைப்பவை, சூட்டுக்கோ குளிருக்கோ முதல் மணி நேரங்களில் அஞ்சுபவை ஆகியவற்றுக்கு மட்டும்தான் கடிகாரம் பார்க்க வேண்டும். மார்ச் 4ஆம் தேதி "மாலை" என்று ஒற்றைச் சொல்லில் அடித்துச் சொன்னவன் நான்தான் என்பது நினைவில் இருக்கிறது.

ஏப்ரல் 2, இரவு 8.30
இரவும் பகலும் சூடு மாறாமல் ஒரே சீராக வைத்திருந்தால் எல்லா விதையும் நன்றாக முளைக்கும் என்று எழுதியவருக்கு: அப்படி இல்லை. 1924இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிகளில், பல பயிர்களின் விதைகளை 16 மணி நேரம் 20 டிகிரியிலும் 8 மணி நேரம் 30 டிகிரியிலும் மாற்றி மாற்றி வைத்தே சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் பல விதைகளுக்கு ஓர் அறிவிப்பு: மேற்பரப்புக்கு அருகில் இருக்கிறோம், மேலே நிழல் இல்லை, முளைத்தால் பிழைக்கலாம் என்று. என் வெப்பமானி 1 செ.மீ. ஆழத்தில் 22 டிகிரி ஏற்ற இறக்கமும் 5 செ.மீ. ஆழத்தில் 11 டிகிரியும் காட்டியதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஏப்ரல் 6, காலை 7.20
வெளிச்சம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். லெட்டூஸ் முளைக்க ஒளி வேண்டும், மாலையில் விதைத்தால் இருட்டில் கிடக்குமே என்பது ஐயம். கவலை வேண்டாம். 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு இதே லெட்டூஸ் விதையில்தான், கிராண்ட் ராபிட்ஸ் என்ற இரகத்தில், நிகழ்ந்தது. நனைந்த விதைக்குச் சிறிது நேரம் செந்நிற ஒளி காட்டினால் முளைத்தது. அதன் பின் தொலைச்சிவப்பு ஒளி (சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும் ஒளி) காட்டினால் முளைக்காமல் நின்றது. மறுபடி செந்நிறம் காட்டினால் முளைத்தது. எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாக எந்த ஒளி விழுந்ததோ அதையே விதை கேட்டது. அந்த ஒளியை உணரும் நிறமியை, பின்னர் ஃபைட்டோகுரோம் என்று பெயர் பெற்றதை, 1959இல் பிரித்தறிந்தார்கள்.

நமக்கு இதிலிருந்து கிடைப்பது இரண்டு. மாலையில் நனைத்த விதைக்கு விடிந்ததும் கிடைக்கும் சிறிது வெளிச்சமே போதும். ஆகவே மிக மெல்லிதாக மூடுங்கள், இல்லையேல் மூடாமலே அழுத்திவிடுங்கள். அடுத்தது, வெயிலுக்குப் பயந்து பெரிய செடியின் நிழலில் விதைக்காதீர்கள். பச்சை இலை செந்நிறத்தைப் பிடித்துக்கொண்டு தொலைச்சிவப்பைப் பெரும்பாலும் கீழே விடுகிறது. விதைக்கு அது "மேலே இடமில்லை" என்ற சேதி. நிழல்வலை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லா ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிறது.

ஏப்ரல் 6, இரவு 11.10
இதே நிறமியை வைத்து ஜெர்மனியில் 1990இல் ஒரு வேடிக்கையான ஆய்வு வெளியானது. பகலில் மண்ணைக் கிளறும்போது புதைந்திருக்கும் களை விதைகளின் மேல் ஒரு நொடி வெளிச்சம் பட்டுவிடுகிறது, அவை விழித்துக்கொள்கின்றன; இருட்டில் உழுதால் களை வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். பிறகு பிற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு ஒரு சமயம் பலித்தது, ஒரு சமயம் பலிக்கவில்லை. விதைப்புக்கு நேரம் பார்ப்பதைவிடப் பாத்தி கிளறுவதற்கு நேரம் பார்க்க வேண்டுமோ என்று தோன்றி, சற்று முன் விளக்கை அணைத்துவிட்டு ஒரு பாத்தியைக் கொத்திவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 7, காலை 6.10
வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். பாத்தி நன்றாகக் கொத்தப்பட்டிருக்கிறது. நீர்க்குழாயும் மூன்று இடங்களில் நன்றாகக் கொத்தப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 25, மாலை 5.00
இருட்டில் கொத்திய பாத்தியில் களை குறைந்ததா என்று பலர் கேட்கிறார்கள். அகன்ற இலைக் களைகள் சற்றுக் குறைவு என்று தோன்றுகிறது, கோரை வழக்கம்போலவே. கோரை கிழங்கிலிருந்து வருகிறது. அதற்கு வெளிச்சத்தின் அனுமதி தேவையில்லை. ஒரே ஒரு பாத்தி என்பதால் இதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 3, இரவு 8.00
ஏழு மாதம் கழித்து இந்த இழைக்குத் திரும்புகிறேன், ஒரு தோல்வியோடு. குளிர் தொடங்கிய பிறகு பீன்ஸ் விதையை, பழக்க தோஷத்தால், மாலை 6 மணிக்கு ஊன்றித் தொட்டியில் கிடந்த நீரை அப்படியே ஊற்றினேன். பத்து நாள் கழித்தும் முப்பது குழிகளில் ஆறுதான் எழுந்தன. எழுந்தவற்றிலும் இரண்டில் விதையிலைகள் குறுக்கே வெடித்திருந்தன. ஒரு குழியைத் தோண்டினேன். விதைத்தோல் கழன்று, பருப்பு பசை பூசியதுபோல் வழுவழுப்பாக, புளித்த வாடையோடு வந்தது. அதைச் சுற்றியிருந்த மண்துகள்கள்கூட வெள்ளைப் பூஞ்சண இழைகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

விதையைக் குறை சொல்ல வாய் வந்தது. ஆனால் அதே பையிலிருந்து எடுத்தவற்றை வீட்டுக்குள் ஈரத்துணியில் சுற்றி வைத்தபோது ஏறத்தாழ எல்லாமே முளைத்தன. பிழை குளிர்ந்த நீரில்தான் இருந்தது. பீன்ஸ், சோயா, சோளம், பருத்தி ஆகியவற்றின் உலர்ந்த விதைக்குள் செல்சவ்வுகள் சுருங்கிக் கலைந்த நிலையில் இருக்கின்றன. நீர் உள்ளே வர வர அவை மறுபடி ஒழுங்காக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் உள்ளே வரும் நீர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிரில் இருந்தால் சவ்வுகள் சரிவரச் சேராமல் விதைக்குள் இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் கசிந்துவிடுகின்றன. அந்தக் கசிவுதான் பூஞ்சணத்துக்கு அழைப்பிதழ். விதை எந்த அளவுக்கு உலர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குச் சேதம் அதிகம்.

அதாவது, லெட்டூஸுக்கு முதல் மணி நேரங்கள் இரவில் விழ வேண்டும். குளிர்காலப் பீன்ஸுக்கு அதே மணி நேரங்கள் பகலில் விழ வேண்டும். முற்பகல் 10, 11 மணிக்கு, மேல்மண் சூடேறத் தொடங்கிய பிறகு ஊன்றியிருந்தால், மாலை மண் குளிர்வதற்குள் கண்டம் கடந்திருக்கும்.

டிசம்பர் 5, காலை 9.30
அப்படியானால் முந்தைய இரவே ஊறவைத்துவிட்டு ஊன்றினால் என்ன என்று கேட்கிறார்கள். ஊறவைக்கும் நீர் குளிர்ந்திருந்தால் அதே சேதம் பாத்திரத்துக்குள் நிகழும், இன்னும் வேகமாக. வெதுவெதுப்பான நீராக இருந்தாலும் இரவு முழுவதும் முழுக வைத்தால் விதைக்குக் காற்று கிடைக்காது. எனக்குச் சரிப்பட்டது ஈரத்துணி: பிழிந்த துணியில் சுற்றி அறைச் சூட்டில் வைத்தால் விதை மெல்ல மெல்லக் குடிக்கும்.

அதைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. பீன்ஸ் விதை முதலில் உப்புவதில்லை. கால் மணி, அரை மணி நேரத்தில் தோல் மட்டும் விரிந்து, தழும்புக்கு (விதை நெற்றோடு ஒட்டியிருந்த வடுவுக்கு) பக்கத்தில் விரல் நுனி நீரில் ஊறியதுபோல் சுருக்கம் விழுகிறது. அந்தச் சுருக்கம் விதை முழுவதும் பரவுகிறது. பிறகு உள்ளே இருக்கும் பருப்பு மெதுவாகப் பருத்து வந்து சுருக்கத்தை நிரப்புகிறது. விதை மறுபடி வழவழப்பாகிறது. அந்த வழவழப்பு வந்ததும் நான் ஊன்றிவிடுகிறேன்.

டிசம்பர் 18, மாலை 4.40
முற்பகல் 11 மணிக்கு, வெதுவெதுப்பான நீரோடு ஊன்றிய இரண்டாம் தவணைப் பீன்ஸ்: முப்பதில் 26. ஈரத்துணியும் வெந்நீர்க் கலப்பும் நேர மாற்றமும் ஒன்றாகச் செய்ததால் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க இயலாது. சுவரோரத் தட்டிலிருந்து நான் முழுவதுமாகப் பாடம் கற்கவில்லை என்பது தெரிகிறது.

இப்போதெல்லாம் பாத்தியில் குத்தும் பெயர்க்குச்சியில் இரண்டு நேரம் எழுதுகிறேன்: விதைத்தது, நனைத்தது. முதல் நேரத்தை எழுதுவது வெறும் பழக்கம்தான்.

டிசம்பர் 20, இரவு 9.05
முதல் கேள்வியைக் கேட்டவர் இவ்வளவு நாள் கழித்து எழுதியிருக்கிறார். நாங்கள் எழுதிக் குவித்ததைப் படித்து முடிக்கப் பொறுமை இல்லாமல், ஓய்வு கிடைத்த ஒரு நண்பகல் 12 மணிக்கு முள்ளங்கி விதைத்தாராம். அடித்த வெயிலுக்கு ஒன்றும் தேறாது என்று நினைத்தாராம். நான்காம் நாள் வரிசை முழுவதும் முளைத்து நின்றதாம். "எந்த வேளையும் வேலை செய்கிறது, நீங்கள் எல்லோரும் வீணாக அலட்டிக்கொள்கிறீர்கள்" என்கிறார்.

முள்ளங்கி முரட்டு விதை, அது எப்படியும் வந்திருக்கும் என்று முதலில் பதில் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து, எத்தனை மணிக்கு நீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. அவர் நீரே ஊற்றவில்லையாம், மறந்துவிட்டாராம். அன்றிரவு 9 மணிக்கு மழை பெய்ததாம்.